வேறொன்றும் கலக்கவில்லை

— ஆறு பேரு, அண்ணி. ஆறும் க்ரீம் டப்பாமேல வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் சோதனைச் சான்றுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

— இன்னொரு தடவை சொல்லு ஸ்விலேனா. கெட்ட வார்த்தை மாதிரி இருக்கு, நிதானமாக் கேட்டுக்கறேன்.

— சிட்ரோனெல்லோல். ஜெரானியோல். லினலூல். யூஜெனால். ஃபார்னெசோல். சிட்ரால்.

— இதுல ஒரு பயலையாவது நான் இந்தப் பட்டறைக்குள்ள விட்டிருக்கேனா? நீயே அலமாரியைத் திறந்து பாரு. நம்ம தோட்டத்து ரோஜா எண்ணெய் இருக்கு. பாதாம் எண்ணெய் இருக்கு. பக்கத்து வீட்டு நைடென் கொடுத்த தேன்மெழுகு இருக்கு. டப்பாமேலயும் அதைத்தான் போட்டிருக்கேன். ‘ரோஜா எண்ணெய், பாதாம் எண்ணெய், தேன்மெழுகு. வேறொன்றும் கலக்கவில்லை.’ இதுல எந்த எழுத்து பொய்யின்னு சொல்லு.

— நீங்க கலக்கலைங்கறது உண்மை. ரோஜா கலந்திருக்கு.

— ரோஜா எப்படிக் கலக்கும்? அதுக்குக் கை இருக்கா, கரண்டி இருக்கா?

— ரோஜா வாசனைன்னு நீங்க சொல்றதே இந்த ஆறும் இன்னும் சிலதும் சேர்ந்ததுதான். இதையெல்லாம் எடுத்துட்டு மிச்சத்தை மோந்து பாருங்க. அணைஞ்சுபோன மெழுகுவத்தி மாதிரி இருக்கும்.

— அப்ப பால் விக்கறவன் பாட்டில்மேல புல்லு, தண்ணி, மாட்டோட நல்ல மனசுன்னு எழுதணுமா?

— ஜனங்க பாலை மூஞ்சில பூசிக்கிட்டு நாள் பூரா அலைஞ்சாங்கன்னா, அதுக்கும் எழுதச் சொல்லியிருப்பாங்க. சட்டம் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம், அண்ணி. கழுவி விட்டுடற சோப்புன்னா பத்தாயிரத்துல ஒரு பங்கு. தோல்லயே தங்கற க்ரீம்னா லட்சத்துல ஒரு பங்கு. அதுக்கு மேல இருந்தா பேரைச் சொல்லிடுங்கறாங்க.

— லட்சத்துல ஒண்ணா. எறும்பு மூத்திரம் அதைவிட அதிகமா இருக்கும்.

— உங்க க்ரீம்ல இருக்கறது எறும்பு இல்ல, யானை.

— ஜன்னலைச் சாத்து. ஊரே குடைமிளகாய் சுட்டுக்கிட்டிருக்கு, க்ரீம்ல புகை ஏறினா அதுக்கும் ஒரு பேரு கொண்டாந்துருவ. காபிக்கடையில என்ன பேசிக்கறாங்க தெரியுமா? கூடிய சீக்கிரம் ரோஜாவையே தடை பண்ணப்போறாங்களாம். இந்தப் பள்ளத்தாக்கு பூரா உருளைக்கிழங்கு நடச் சொல்லப் போறாங்களாம்.

— காபிக்கடையில போன வருஷம் வானத்துல இருந்து தவளை விழும்னும் பேசினாங்க. ரெண்டு மூணு பொருளைத் தடை பண்ணினாங்க. அதுல ரோஜா இல்ல. ரோஜாவைப் பாத்து, நீ இருந்துக்கோ, ஆனா ஒளிஞ்சுக்காதேன்னுதான் சொல்றாங்க. எழுத வேண்டிய பேரு முன்னாடி இருபத்துச் சொச்சம் இருந்துச்சு. இப்ப எண்பதைத் தாண்டிடுச்சு. நாளைக்கு இன்னும் கூடும். ஆராய்ச்சி கூடக்கூடப் பேரும் கூடும்.

— யாருக்காக இவ்வளவு பாடு? என்னோட க்ரீமை மகராசி மாதிரி பூசிக்கிட்டுத் தூங்கறவங்கதான் எல்லாரும்.

— நூறு பேருக்கு ஒருத்தர் ரெண்டு பேருக்காக. அவங்க தோலு ஒரு பொருளோட பழகிப் பழகி ஒருதடவை பகை பிடிச்சுதுன்னா, உயிர் இருக்கற வரைக்கும் மறக்காது. பத்து வருஷம் கழிச்சுத் தொட்டாலும் அடையாளம் கண்டுக்கிட்டுச் சண்டைக்கு நிக்கும்.

— எங்கம்மா மாதிரின்னு சொல்லு.

— என் மாமியாரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க.

— ம்.

— இந்தப் பகை தீர மருந்து கிடையாது, அண்ணி. அந்தப் பொருளைத் தொடாம இருக்கறது ஒண்ணுதான் வழி. தொடாம இருக்கணும்னா அது எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியணும். டப்பாவைத் திருப்பிப் படிக்கறதைத் தவிர அந்த ஆளுக்கு வேற கண்ணு கிடையாது. நீங்க அந்தக் கண்ணைக் கட்டி விடறீங்க.

— நான் ஒருத்தர் கண்ணையும் கட்டல.

— ஒரு நிமிஷம். எனக்கு முன்னாடி சோதிச்சுக் கையெழுத்துப் போட்டவரு, அந்த ப்ளோவ்டிவ் ஆய்வுக்கூடப் பெரியவரு, இந்த ஆறையும் வரிசையா எழுதித்தானே கொடுத்தாரு. அவரே போன வாரம் போன்ல சொன்னாரு. டப்பாவுல எப்படிக் காணாமப் போச்சு?

— அச்சடிக்கறப்ப இடம் பத்தல.

— ‘வேறொன்றும் கலக்கவில்லை’ன்னு கொட்டை எழுத்துல போட இடம் இருந்துச்சு.

— சரி, நாந்தான் எடுக்கச் சொன்னேன். கேட்டுக்கோ. வியன்னாக் கடைக்காரி என்னத்துக்கு என்னைத் தேடி வந்தா? ரோஜாவுக்கு. அவ கடைக்கு வர்ற பொம்பளை டப்பாவைத் திருப்பிப் பாக்கறா, ஏதோ வண்டி பேட்டரிக்குள்ள ஊத்தறது மாதிரிப் பேரா இருக்கு. சட்டுனு வச்சுட்டு அடுத்ததை எடுப்பா.

— அடுத்ததுலயும் இதே பேருதான் இருக்கும். உண்மையான ரோஜா இருந்தா இருந்தே தீரும். இந்தப் பேரு இல்லாத ரோஜா க்ரீமைத்தான் அவ சந்தேகப்படணும்.

— வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிரும். என் தம்பி உன்னைக் கூட்டிட்டு வந்த அன்னிக்கே எங்கம்மாகிட்டச் சொன்னேன். இந்தப் பொண்ணு சிரிக்கறதுக்கு முந்தி, பாத்திரம் கழுவிட்டீங்களான்னு கேக்கறாம்மான்னு.

— கழுவலையே அன்னிக்கு.

— ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, ‘ஃபில்கா, உன் க்ரீமால என் தோல் போச்சு’ன்னு இந்த வாசப்படிக்கு வந்திருக்காங்களா? அதைச் சொல்லு முதல்ல. டவுன் மருந்துக்கடையில ஒரு பொண்ணு இருக்கா, வேலைக்கு வந்து ரெண்டு வருஷந்தான் ஆகுது. அவ சொல்றா, ஒரு மனுஷன் மாசம் தவறாம வந்து ‘என் பொண்டாட்டிக்கு’ன்னு சொல்லி ஒரு டப்பா வாங்கிட்டுப் போறானாம். மழையில நனைஞ்சுக்கிட்டுக்கூட வருவானாம். கெடுதல் பண்ற சாமானை ஒருத்தன் பொண்டாட்டிக்கு அப்படி வாங்குவானா?

— பொண்டாட்டியைப் பொறுத்தது.

— பாத்தியா, சிரிக்கக்கூடத் தெரியுது உனக்கு.

— அந்த மனுஷன் வீட்டுல ஒண்ணும் ஆகலைன்னா சந்தோஷம். நான் ஆன வீட்டைப் பத்திப் பேசறேன். அது இருக்கட்டும். முதல்ல தேன்மெழுகுன்னு சொன்னப்பவே கேக்க நினைச்சேன். நைடென் மாமா நிஜமாவே கிளம்பறாரா?

— இன்னிக்குச் சாயங்காலம் லாரி வருது. தேனீயெல்லாம் கூட்டுக்குள்ள அடைஞ்சப்புறந்தானே பெட்டியைத் தூக்க முடியும். அத்தனை பெட்டியும் போகுது. ஆளு அடுத்த வாரம் வலென்சியாவுக்கு, பையன்கிட்ட.

— நீங்க ஒண்ணும் சொல்லலையா?

— சொன்னேன். மெழுகுக்கு வேற ஆள் பாக்கணும்னேன்.

— அவ்வளவுதானா?

— வேற என்ன சொல்லணும்? மெழுகுதானே பிரச்சனை. கண்டவன் மெழுகுல பாரஃபின் கலந்திருக்கும். இவரு மெழுகு கண்ணாடி மாதிரி இருக்கும். ஏன் அப்படிப் பாக்கற? மெழுகுதான்.

— நான் ஒண்ணும் கேக்கல, அண்ணி.

— உள்ள வரலாமா? காலைத் துடைச்சுட்டேன்.

— வாங்க நைடென். தலைக்கு வலை மாட்டிக்கோங்க. தம்பி பொண்டாட்டி சட்டம் பேசிட்டிருக்கா, ஒரு முடி விழுந்தாலும் உள்ள தள்ளிருவா.

— அது வந்து… மெழுகு கொண்டாந்தேன், ஃபில்கா. கடைசி வார்ப்பு. மூணு தரம் வடிகட்டினேன்.

— மேசைமேல வைங்க.

— கிறிஸ்துமஸ் வரைக்கும் வரும்.

— அப்புறம்?

— அப்புறம்… வலென்சியாவுல ஆரஞ்சுத் தோட்டத்துல தேனீ வச்சிருக்காங்களாம். பையன் சொன்னான். தூரத்துல நின்னு பாக்கலாமாம்.

— தூரத்துல நின்னு பாக்கறதுக்கு அவ்வளவு தூரம் போகணும்.

— மாமா, கையை ஏன் ஜேப்புலயே வச்சிருக்கீங்க? காட்டுங்க.

— ஒண்ணுமில்ல ஸ்விலேனா. மிளகாய்த் தோல் உரிச்சேன், கொஞ்சம் சிவந்திருக்கு.

— மிளகாய் இப்படிப் பண்ணாது. விரலிடுக்கெல்லாம் வெடிச்சிருக்கு. பழைய தழும்பு மேல புதுசு. காலரைத் தளர்த்துங்க. கழுத்துலயும் இருக்கே. காதுக்குப் பின்னாடியும்.

— கூட்டுப் பிசின்தான். தேனீ பெட்டி இடுக்கெல்லாம் பூசி அடைக்குமே, அது. அதைச் சுரண்டிச் சுரண்டி… என் அப்பா அதைத் தொண்டைக்குச் சப்புவாரு, எனக்கு எதிரியாப் போச்சு. அதான் பெட்டியெல்லாம் கொடுத்துடறேன். சொன்னேனே.

— பிசின்தான்னு யாரு சொன்னது?

— நானே கண்டுபிடிச்சேன்.

— டாக்டரைப் பாக்கலையா?

— பாக்காம என்ன. ப்ளோவ்டிவ்ல தோல் டாக்டரம்மா ஒருத்தங்க. முதுகு பூரா ஒவ்வொரு பொருளாத் தடவிப் பட்டை பட்டையா ஒட்டி, குளிக்காதே, வேர்க்காதேன்னு அனுப்பினாங்க. தேனீக்காரன் வேர்க்காம என்ன பண்ணுவான், வீட்டுல உக்காந்தேன். திரும்பப் போய்ப் பிரிச்சுப் பாத்தா மூணு இடத்துல கொப்புளம்.

— எந்த மூணு?

— மனப்பாடமாத் தெரியும். கடைக்குப் போறப்பெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே போவேன். சிட்ரோனெல்லோல். ஜெரானியோல். ஃபார்னெசோல்.

— இருங்க. இருங்க நைடென். திரும்பச் சொல்லுங்க.

— சிட்ரோனெல்லோல், ஜெரானியோல், ஃபார்னெசோல். ஏன் ஃபில்கா, உனக்கும் இருக்கா?

— நீங்க பேசுங்க மாமா. டாக்டரம்மா பிசினையும் ஒட்டிப் பாத்தாங்களா?

— ஒட்டினாங்க. அது லேசாத்தான் சிவந்துச்சு. சந்தேகமா இருக்கு, இன்னொரு தடவை வாங்கன்னாங்க. தேன் எடுக்கற காலம், போகல. இந்த மூணும் எதுலயும் இருக்கக்கூடாது, தோல்ல படறது எல்லாத்தையும் திருப்பிப் படிங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. படிச்சேன். கண்ணாடி போட்டுக்கிட்டு வீட்டையே படிச்சேன். சவர நுரையைத் தூக்கிப் போட்டேன். அதுல லினலூல் மட்டுந்தான் இருந்துச்சு, இருந்தாலும் போட்டேன். துணி சோப்பு, பாத்திர சோப்பு. எங்க வீட்டுக்காரி ராட்கா வச்சிருந்த ஷாம்பூ பாட்டில் ஒண்ணு குளிக்கற அறையில இருந்துச்சு. அவ கண்ணை மூடினதுலேர்ந்து எடுக்காம வச்சிருந்தேன். அதையும் போட்டேன்.

— மிச்சம் என்ன வச்சீங்க?

— ஃபில்கா க்ரீம் மட்டுந்தான்.

— அதைப் படிச்சீங்களா?

— முதல்ல அதைத்தான் படிச்சேன். எழுத்தெழுத்தாப் படிச்சேன். அந்தப் பேரு ஒண்ணுகூட இல்ல. வேறொன்றும் கலக்கவில்லைன்னு கொட்டை எழுத்துல இருந்துச்சு. அப்பாடா, இது ஒண்ணாவது மிஞ்சுச்சேன்னு இருந்துச்சு எனக்கு. அதைத்தான் காலையில, சாயங்காலம், எரியறப்பெல்லாம் அப்பிக்கிறேன். ஆனாலும் புண்ணு போகல. எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு, இன்னும் போகல. அப்ப மிச்சம் என்ன? பிசின்தானே. அதாலதான் சொல்றேன். என்ன, ரெண்டு பேரும் டப்பாவையே பாக்கறீங்க?

— மாமா, டாக்டரம்மா வாசனை போட்ட எதையும் தொடாதீங்கன்னு சொல்லலையா?

— சொன்னாங்க. வாசனைத் தைலம், சென்ட்டு, அதெல்லாம் எனக்கு எதுக்கு?

— ரோஜா க்ரீம்?

— ரோஜாவை எவன் வாசனைன்னு சொல்லுவான்? ரோஜான்னா ரோஜா. நம்ம ஊர்ல அது காத்து மாதிரி. அதையும் சொல்லணுமான்னு எனக்குத் தோணவே இல்ல.

— அண்ணி, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

— நான் சொல்றேன். நைடென். அந்த மூணு பேரும் என் க்ரீம்ல இருக்கு.

— எழுதலையே.

— எழுதல. நான் எடுக்கச் சொல்லிட்டேன். நான் போடாத சாமானுக்கு நான் ஏன் பேரு போடணும்னு… இது ரோஜாவே கொண்டாந்ததாம். இவ சொல்றா. எனக்கும் இப்பத்தான்… இல்ல. பொய் சொல்லல. அந்தப் பெரியவரும் சொன்னாரு. நான் காதுல வாங்கல.

— ஓ.

— ஆனா கேட்டுக்கோங்க. ஸ்விலேனா, நீயும் கேட்டுக்கோ. புண்ணு முதல்ல வந்துச்சு, க்ரீம் அப்புறம் வந்துச்சு. போன வருஷம் பிப்ரவரி, ஹரலம்பி சாமி நாளு. தேனீக்காரங்க எல்லாரும் கோயில்ல தேன் பாட்டில்ல மெழுகுவத்தி சொருகி வச்சு மந்திரிச்சாங்க. இவரு மெழுகுவத்தி ஏத்தறப்ப நான் பக்கத்துல நின்னேன். கை ரெண்டும் சிவப்பா இருந்துச்சு. ஐயோன்னு இருந்துச்சு எனக்கு. அன்னிக்கே வேலி வழியா ஒரு டப்பா கொடுத்தேன். அதான் நான் கொடுத்த முதல் டப்பா. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.

— இல்லைன்னு சொல்லல. நீ கொடுத்தது அன்னிக்குத்தான்.

— பாத்தியா. புண்ணு வந்த இடத்துக்கு மருந்து வந்துச்சு. மருந்து எப்படிப் புண்ணுக்குக் காரணமாகும்? என் க்ரீமைக் குத்தம் சொல்ல முடியாது.

— சரி, வரிசையாப் பாக்கலாம். க்ரீம் வர்றதுக்கு முந்தியே புண்ணு இருந்துச்சுன்னா, க்ரீம் அதை வளர்த்திருக்கு, நிச்சயம். ஆனா ஆரம்பிச்சு வச்சது வேற ஏதோ ஒண்ணு.

— ஆமா. அப்படிச் சொல்லு.

— பிசினா இருக்கலாம்.

— ம்.

— அதுவும் லேசாச் சிவந்திருக்கு. தேனீ மேல பழி இல்லைன்னு என்னால இப்பச் சொல்ல முடியாது. க்ரீமை நிறுத்தினாக்கூடப் பெட்டியைத் திறந்தா திரும்ப வரலாம். அப்ப மாமா பெட்டியைக் கொடுக்கறது சரிதான். நீங்க ஜெயிச்சுட்டீங்க, அண்ணி.

— நான் ஜெயிச்சா இவரு போகணுமா?

— நான் அப்படிச் சொல்லல. உங்க கணக்குதான் சொல்லுது.

— எங்கயாவது தப்பு இருக்கும். திரும்பப் பாரு.

— எதை?

— எல்லாத்தையும். வேற எங்கயாவது அந்த மூணும் இவரு மேல பட்டிருக்கும். சவர நுரை?

— அதுல அந்தப் பேரு இல்லைன்னு மாமாவே சொல்லிட்டாரு.

— சோப்பு?

— அதுலயும் இல்ல, ஃபில்கா. எல்லாம் படிச்சேன். ஒண்ணுலயும் அந்த மூணுல எதுவும் இல்ல. ரோஜாத் தோட்டத்துப் பக்கமே நான் போறதில்ல. பூ பறிக்கற காலத்துல பெட்டிக்கிட்டதான் கிடப்பேன்.

— அப்ப அது எப்படி உங்க தோலைத் தொட்டுச்சு? பகை பிடிக்கணும்னா முதல்ல பழகியிருக்கணும்னு இவதானே சொன்னா. பழகாம எப்படிப் பகை வரும்? சொல்லு ஸ்விலேனா. என் க்ரீம்தான்னு சொல்லு. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்.

— கால் மணி நேரம் முந்தி ஒரு பேரு எழுத மாட்டேன்னீங்க.

— கால் மணி நேரம் முந்தி என் க்ரீம் நல்லவளா இருக்கணும்னு இருந்துச்சு. இப்பக் கெட்டவளாவே இருக்கட்டும். கெட்டது நாந்தான்னு ஆயிட்டா தேனீ இங்கயே இருக்கும்ல? க்ரீமை நிறுத்துவேன். வாசனையே இல்லாம ஒண்ணு காய்ச்சுவேன், மெழுகும் எண்ணெயும் மட்டும். ஆறு பேரு என்ன, அறுபது பேரு எழுது. தேனீயை எங்க தேடிப் போறது?

— அண்ணி, ஆசைக்காக வரிசையை மாத்த முடியாது. புண்ணு முந்தி, க்ரீம் பிந்தி. நீங்களே கண்ணால பாத்திருக்கீங்க. ஒரு மாசம் எல்லாத்தையும் நிறுத்திப் பாத்தாத் தெரியும்.

— லாரி ஒரு மாசம் நிக்காது, ஸ்விலேனா. பையன் டிக்கெட்டும் எடுத்துட்டான். நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் வேண்டாம்னு சொல்ல முடியும். எனக்கு… அது வந்து… என்னால சும்மா சொல்ல முடியாது.

— மாமா, ஒண்ணு கேக்கணும். பிசின்னா கையில வரும், சரி. காதுக்குப் பின்னாடி எப்படி வந்துச்சு?

— சொறிஞ்சிருப்பேன்.

— ரெண்டு காதுக்கும், ஒரே அளவுல. இது கைக்குப் பூசற க்ரீம். நீங்க கழுத்துல எதுக்குப் பூசினீங்க?

— குளிருக்கு.

— ஆகஸ்ட் மாசம் வந்த தழும்புகூட இருக்கே.

— அவரை ஏன் போலீஸ் மாதிரிக் குடையற? காரணம் கேட்டது போதும். நைடென், நான் சொல்றதைக் கேளுங்க. என் க்ரீமால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு நான் நினைச்சதுக்கும் காரணம் இருக்கு. டவுன் மருந்துக்கடையில ஒருத்தன் மாசாமாசம் பொண்டாட்டிக்குன்னு சொல்லி வாங்கறானாம். ரெண்டு வருஷத்துக்கு முந்தின திராட்சை அறுப்புலேர்ந்து ஒரு மாசம் தவறினதில்லையாம். அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் ஆகல. அதை நம்பித்தான் நான் இப்படி… என்ன, ஏன் அப்படிக் குனிஞ்சுக்கறீங்க?

— ஒண்ணுமில்ல.

— முகமெல்லாம் சிவக்குது. இது புண்ணு இல்லையே.

— ஹார்ன் சத்தம் கேக்குது. லாரி வந்துருச்சு போல.

— அடிக்கட்டும். மாமா, உங்களுக்கு ஏதோ தெரியும். வரிசைதான் எனக்கு வேணும். வேற எதுவும் நான் கேக்கமாட்டேன்.

— அது வந்து… ஃபில்கா கொடுத்தது முதல் டப்பா இல்ல.

— என்னது?

— அந்த மருந்துக்கடை ஆளு நாந்தான். ரெண்டு வருஷத்துக்கு முந்தின திராட்சை அறுப்பு முடிஞ்சு போனேன். அந்தப் பொண்ணுக்கு என்னைத் தெரியாது. அப்பக் கையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு அரிப்பு கிடையாது. குளிர்காலம் வந்தப்பத்தான் சிவக்க ஆரம்பிச்சுச்சு. ஹரலம்பி நாளைக்கு நீ பாத்த.

— அப்ப வரிசை இது. முதல்ல க்ரீம். அப்புறம் புண்ணு. அப்புறம் இன்னும் க்ரீம்.

— அப்படித்தான் இருக்கணும், ஸ்விலேனா.

— மாமா, இதைச் சொல்லாம நீங்க அத்தனை தேனீயையும் லாரியில ஏத்தப் பாத்தீங்க.

— க்ரீம் மேல எனக்குச் சந்தேகமே வரலையே. அப்புறம்… சொன்னா மத்ததையும் சொல்லணும்.

— சரி. நான் போயி லாரிக்காரனைத் திருப்பி அனுப்பறேன். அவன் கத்துவான், கத்தட்டும், நான் சட்டம் பேசறேன். மாமா, க்ரீமை இன்னியோட நிறுத்துங்க. பிசினுக்கும் இன்னொரு தடவை சோதிக்கணும், நானே கூட்டிட்டுப் போறேன். ரோஜா வாசனையை மோந்து பாக்கறதுல தப்பில்ல, உங்க பகை மூக்குல இல்ல, தோல்லதான். அண்ணி, ஆறு பேரு?

— எழுது. ஆறையும் எழுது. அந்தக் கொட்டை எழுத்தை எடுத்துட்டு அந்த இடத்துல எழுது.

— வியன்னாக்காரி?

— அவ படிக்கட்டும். படிக்கத் தெரிஞ்சவளுக்குத்தானே விக்கறோம்.

— நான் வர்ற வரைக்கும் அவர் கையைப் பாருங்க. பாக்கறதுக்கு முந்தி உங்க கையை நல்லாக் கழுவிக்கோங்க. ரெண்டு தடவை. வாசனை இல்லாத சோப்பு என் பையில இருக்கு.

— போடி. போ.

— இந்தா சோப்பு, ஃபில்கா.

— கையை நீட்டுங்க. கழுவிட்டேன். எரியுதா?

— இப்ப இல்ல.

— புண்ணே இல்லாதப்ப எதுக்குத் தடவினீங்க?

— அது வந்து… வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள போனா ஒண்ணுமே இருக்காது, ஃபில்கா. புகை நாத்தம், மெழுகு நாத்தம், அவ்வளவுதான். கழுத்துல கொஞ்சம் தடவிக்கிட்டா, நீ இப்பத்தான் எந்திரிச்சுப் பக்கத்து அறைக்குப் போன மாதிரி இருக்கும்.

— வேலிக்கு அந்தப் பக்கந்தானே இருக்கேன். கேட்டிருந்தாக் கூடை நிறையக் கொடுத்திருப்பேன். அதுக்கு எதுக்கு மழையில நனைஞ்சு டவுனுக்குப் போகணும்?

— உன்கிட்டக் கேட்டா, எதுக்குன்னு கேப்ப.

— போதாக்குறைக்கு அந்தப் பொண்ணுகிட்டப் பொண்டாட்டிக்குன்னு ஒரு பொய்.

— பொய் சொல்லல, ஃபில்கா. அந்தப் பொண்டாட்டிகிட்டத்தான் இன்னும் கேக்கல, அவ்வளவுதான்.